நாற்காலிக்கு முன் இன்ச் டேப்: வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் எப்படித் தேர்ந்தெடுப்பது?

காலை ஒன்பதரை மணி. கயத்தாறில் ஒரு வீட்டின் முன்னறை. பெங்களூரு நிறுவனத்தின் மீட்டிங் லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. லேப்டாப் இருப்பது சாப்பாட்டு மேசையில். உட்கார்ந்திருப்பது கல்யாண மண்டபத்தில் போடுகிற அதே பிளாஸ்டிக் நாற்காலியில். முதுகுக்கு ஒரு தலையணை. மதியத்துக்குள் தலையணை நழுவிக் கீழே போய்விடும். சாயங்காலம் ஆனால் இடுப்பு கடுக்கும்.

நல்லதா ஒரு சேர் வாங்கலாம் என்று பேச்செடுத்தால் அடுப்படியிலிருந்து பதில் வருகிறது: "எட்டாயிரம் ரூவாய்க்கு ஒரு சேரா? நாங்கள்லாம் தரையில உக்காந்துதானே தீப்பெட்டி ஒட்டுனோம். எங்களுக்கு என்ன வந்துச்சு?"

கோவில்பட்டி வட்டாரத்தில் இந்தக் கேள்வி சும்மா வருவதில்லை. 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்ற பெயர் வருவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து வேலை செய்த ஊர்கள் இவை. தீப்பெட்டித் தொழில் வேரூன்றிய இந்தக் கரிசல் பூமியில், பெட்டி ஒட்டும் வேலை பல வீடுகளின் திண்ணையில்தான் நடந்தது. அதனால் இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எட்டாயிரம் ரூபாய் வீணாகாமல் இருக்கவும் அந்தப் பதில் உதவும்.

நிற்பவர்களுக்குச் சட்டம் இருக்கிறது, உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு?

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் ஒரு திருத்த மசோதா கொண்டுவரப்பட்டது. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட அந்தப் பிரிவு சொல்வது எளிமையானது: ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இடம் இருக்க வேண்டும். துணிக்கடை, நகைக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்களை மனதில் வைத்து வந்த திருத்தம் அது. கேரளம் 2018-லேயே இதைச் செய்திருந்தது.

வீட்டிலிருந்து வேலை செய்பவருக்குப் பிரச்சினை நேர் எதிரானது. அவருக்கு எழுந்திருக்கத்தான் நேரம் கிடைப்பதில்லை. ஆபீஸில் இருந்தால் நாற்காலி நிறுவனத்தின் பொறுப்பு. உடைந்தால் புகார் சொல்லலாம், வேறு ஒன்று வரும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது லேப்டாப் மட்டும் ஊருக்கு வந்தது. நாற்காலி வரவில்லை. பல வீடுகளில் இன்றும் நிலைமை அதுதான்.

எனவே முதல் வேலை, கடைக்குப் போவது அல்ல, எச்.ஆர்.-க்கு ஒரு மெயில் போடுவது. 2020 மே மாதம் கூகுள் நிறுவனம், வீட்டில் வேலை செய்யத் தேவையான பொருட்கள் வாங்க ஊழியர்களுக்கு 1,000 டாலர் வரை தருவதாக அறிவித்தது. எல்லா நிறுவனமும் கூகுள் இல்லைதான். ஆனால் நாற்காலிக்கான பில்லைத் திருப்பித் தரும் ஏற்பாடு உங்கள் நிறுவனத்திலும் இருக்கலாம். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

உட்காரும்போது முதுகில் என்ன நடக்கிறது?

இடுப்புப் பகுதி முதுகெலும்பு இயல்பாகவே உள்பக்கம் லேசாக வளைந்திருக்கும். நாம் உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னால் சுழல்கிறது. அந்த வளைவு தட்டையாகிறது. கூடவே திரையை நோக்கிக் கூன் போட்டால், எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டுகளின் மேல், அதாவது டிஸ்க் மேல், அழுத்தம் கூடுகிறது.

சுவீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களிலேயே இந்த அழுத்தத்தை உயிருள்ள மனிதர்களிடம் அளந்தார். சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது, நிற்கும்போது இருப்பதைவிட அழுத்தம் அதிகம் என்றார். பின்னால் வந்த அளவீடுகள், நிற்பதற்கும் உட்காருவதற்கும் வித்தியாசம் அவ்வளவு பெரிதல்ல என்றன. ஆனால் இரண்டு விஷயங்களில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்: முன்னால் குனிந்தால் அழுத்தம் கூடும், பின்னால் சாய்ந்தால் குறையும்.

'நேரா நிமிர்ந்து உக்காரு' என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதும் முழுசாகச் சரியில்லை. 2006-ல் ஸ்காட்லாந்தில் 22 பேரை வெவ்வேறு நிலைகளில் உட்காரவைத்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 90 டிகிரியில் விறைப்பாக இருப்பதைவிட, 135 டிகிரி வரை பின்னால் சாய்ந்திருப்பது வட்டுகளுக்கு நல்லது என்று தெரிந்தது. அவ்வளவு சாய்ந்துகொண்டு டைப் செய்ய முடியாது. ஆனால் சாய்மானம் என்பது சோம்பேறித்தனம் இல்லை என்பது இதிலிருந்து புரியும்.

இன்னொரு விஷயம். பெரியவர்களுக்கு இந்த வட்டுகளுக்கு நேரடி ரத்த ஓட்டம் அநேகமாகக் கிடையாது. சுற்றியிருக்கும் திசுக்களிலிருந்து ஊறி வருவதுதான் அவற்றுக்கு உணவு. நாம் அசைந்து கொடுப்பது அதற்கு உதவுகிறது. எவ்வளவு உயர்ந்த நாற்காலியாக இருந்தாலும், நாலு மணி நேரம் அசையாமல் இருந்தால் பிரயோஜனம் இல்லை.

அம்மாவின் கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. தரையில் உட்கார்ந்தவர்கள் ஒரே நிலையில் இருக்கவில்லை. சம்மணம் போட்டார்கள், ஒரு காலை நீட்டினார்கள், தண்ணீர் எடுக்க எழுந்தார்கள். மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும். 'எங்களுக்கு என்ன வந்துச்சு' என்று சொல்லும் அம்மா, ராத்திரி படுக்கும் முன் இடுப்பில் தைலம் தேய்ப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். வலி வந்தது. அதைச் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மூன்று அளவுகள்

இப்போது நாற்காலிக்கு வருவோம். செருப்பு வாங்கும்போது நம்பர் பார்க்கிறோம், சட்டைக்கு அளவு பார்க்கிறோம். நாற்காலிக்கு மட்டும் படத்தையும் விலையையும் பார்த்து ஆர்டர் போடுகிறோம். 1994-ல் அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் நிறுவனம் கொண்டுவந்த 'ஏரான்' நாற்காலி, ஏ, பி, சி என்று மூன்று சைஸ்களில் வருகிறது. அதன் விலை நம் ஊரில் ஒரு லட்சத்தைத் தாண்டும், அது நமக்கு வேண்டாம். அதன் பின்னால் இருக்கும் யோசனை மட்டும் போதும்: ஆள் அளவுக்கு நாற்காலி.

தையல் இன்ச் டேப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரையாவது உதவிக்குக் கூப்பிடுங்கள். சமமான ஸ்டூலில், பாதம் முழுவதும் தரையில் படும்படி உட்காருங்கள். வீட்டில் செருப்பில்லாமல்தான் இருப்பீர்கள் என்றால் வெறுங்காலோடு அளக்கவும்.

முதல் அளவு: முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை. இது உங்கள் கால் உயரம். நாற்காலியின் இருக்கை இந்த உயரத்துக்கு இறங்கி வர வேண்டும்.

இரண்டாவது: பின்புறத்திலிருந்து முழங்கால் பின்மடிப்பு வரை. இருக்கையின் ஆழம் இதைவிட இரண்டு, மூன்று விரல் அளவு குறைவாக இருக்க வேண்டும். ஆழம் அதிகமானால் இருக்கையின் விளிம்பு கால் மடிப்பை அழுத்தும். அதைத் தவிர்க்க முன்னால் நகர்ந்து உட்காருவீர்கள். முதுகு சாய்மானத்தைத் தொடவே தொடாது. குட்டையானவர்கள், குறிப்பாகப் பெண்கள், 'பெரிய சேர்' வாங்கி ஏமாறுவது இங்கேதான்.

மூன்றாவது: கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கி, இருக்கையிலிருந்து முழங்கை வரை. கீபோர்டு எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை இது சொல்லும்.

ஒரு கணக்கு போடுவோம். உங்கள் கால் உயரம் 40 செ.மீ., முழங்கை உயரம் 22 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பாதம் தரையில் இருக்கும்போது முழங்கை தரையிலிருந்து 62 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஆனால் சாப்பாட்டு மேசை, ஆபீஸ் மேசை எல்லாம் பொதுவாக 75 செ.மீ. வித்தியாசம் 13 செ.மீ. இந்த 13 செ.மீ.-யைச் சமாளிக்கத்தான் நாள் முழுக்கத் தோளைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள். கழுத்தும் தோளும் கடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தீர்வு இரண்டு. ஒன்று, நாற்காலியை உயர்த்திவிட்டு, காலுக்கு அடியில் அதே அளவு முட்டுக் கொடுப்பது. இரண்டு செங்கல், மேலே ஒரு பலகை போதும். கூடுதலாக வேண்டுமானால் நாலு இன்ச் ஹாலோ பிளாக்கைப் படுக்க வைத்து மேலே பழைய சாக்கை விரிக்கலாம். இன்னொன்று, மேசையைக் குறைப்பது. பழைய மரமேசை என்றால் ஆசாரியிடம் சொல்லி கால்களை அறுத்துவிடலாம். அறுப்பதற்கு முன் நாற்காலி கைக்கு வந்திருக்க வேண்டும், இரண்டு முறை அளந்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடாமல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வலி போகாது. நாற்காலியும் மேசையும் ஜோடி.

கடையில் எதைப் பார்ப்பது?

உயரம்: இணையத்தில் வாங்கினால் 'இருக்கையின் குறைந்தபட்ச உயரம்' எவ்வளவு என்று முதலில் தேடுங்கள். உங்கள் கால் உயரம் 40, நாற்காலி இறங்குவது 45 வரைதான் என்றால் கால் தொங்கும். கால்முட்டு கட்டாயம் வேண்டும்.

இடுப்புத் தாங்கல்: சாய்மானத்தின் கீழ்ப்பகுதியில் முன்னால் புடைத்திருக்கும் பகுதி இது. உங்கள் பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே, வளைவில் சரியாக வந்து உட்கார வேண்டும். மேலும் கீழும் நகர்த்தும் வசதி இருந்தால் நல்லது. நகராத தாங்கல் தப்பான இடத்தில் இருந்தால், அது தாங்காது, குத்தும்.

சாய்வு: பின்னால் சாய வேண்டும், வேண்டிய இடத்தில் நிறுத்திவைக்கவும் முடிய வேண்டும். உங்கள் எடைக்கு ஏற்ப இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு பெரும்பாலும் இருக்கைக்கு அடியில் இருக்கும். வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் அதைத் தொடாதவர்கள் உண்டு.

கைப்பிடி: உயரம் மாற்ற முடிந்தால் நல்லது. மாற்ற முடியாத கைப்பிடி மேசையில் இடித்தால், நாற்காலியை உள்ளே தள்ள முடியாது. அதற்குக் கைப்பிடி இல்லாததே மேல்.

தலைக்கட்டு: விருப்பம் இருந்தால் பார்க்கலாம். பட்ஜெட் இடித்தால் முதலில் விட்டுவிட வேண்டியது இதுதான்.

தரம்: வேலைக்கான நாற்காலிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 17631 என்ற தரத்தை வகுத்திருக்கிறது. 'பிஃப்மா' என்பது அமெரிக்கத் தளவாட உற்பத்தியாளர் சங்கத்தின் தரம். விளம்பரத்தில் 'பிஃப்மா சான்று' என்று இருந்தால், முழு நாற்காலிக்கா, கேஸ் லிஃப்டுக்கு மட்டுமா என்று கேளுங்கள். கேஸ் லிஃப்டில் நான்காம் வகுப்பு என்றால் உறுதியானது. 'எர்கோனாமிக்' என்ற வார்த்தையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அதை எந்த நாற்காலியின் பெட்டியிலும் அச்சடிக்கலாம்.

கரிசல் வெயிலும் ஆடிக் காற்றும்

சென்னையில் ஏ.சி. அறைக்கு ஏற்ற நாற்காலி கயத்தாறுக்கு ஏற்காது. கத்திரி வெயிலில், ஃபேன் காற்றே சூடாக வரும் மதியத்தில், ரெக்ஸின் உறை போட்ட நாற்காலியில் பத்து நிமிஷம் இருந்தாலே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ரேஸ் கார் சீட் மாதிரி இருக்கும் 'கேமிங்' நாற்காலிகள் பலவற்றில் இதே சிக்கல்தான். வேர்வையும் வெயிலும் சேர்ந்து சில வருஷங்களில் ரெக்ஸின் செதில் செதிலாக உரியவும் ஆரம்பிக்கும்.

நம் ஊருக்கு முதுகில் வலை உள்ள நாற்காலியே சரி. இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பழைய தாலுகா ஆபீஸ்களில் பிரம்பு பின்னிய நாற்காலி இருந்ததும் காற்றோட்டத்துக்காகத்தான். இருக்கை மட்டும் நல்ல அடர்த்தியான ஃபோமில் இருக்கலாம். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அடியில் இருக்கும் பலகை விரலில் தட்டுப்பட்டால் அந்த ஃபோம் சீக்கிரம் அமுங்கிவிடும்.

அடுத்தது காற்று. காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் நிலையமே கயத்தாறில் இருக்கிறது என்றால், இங்கே அடிக்கும் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் கரிசல் மண் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். அது வலையில் படியும், சக்கரத்தில் முடியோடு சேர்ந்து உருண்டையாக அடைத்துக்கொள்ளும். மாதம் ஒரு முறை நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரங்களைச் சுத்தம் செய்யுங்கள். வலைக்கு ஈரத்துணி போதும்.

டைல்ஸ் தரை என்றால் கெட்டியான நைலான் சக்கரம் வழுக்கி ஓடும். மேலே ரப்பர் போல மெத்தென்ற பி.யூ. பூச்சு உள்ள சக்கரம் நல்லது. மேடு பள்ளமான சிமென்ட் தரை என்றால், சக்கரமே இல்லாத நாற்காலியும் மோசமில்லை.

எங்கே வாங்குவது?

முடிந்தால் உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். கயத்தாறுக்கு வடக்கே கோவில்பட்டி, தெற்கே திருநெல்வேலி. இரண்டும் பஸ்ஸில் போய்விட்டு வரும் தூரம்தான். கடையில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்தால் எல்லா நாற்காலியும் சுகமாகத்தான் இருக்கும். கால் மணி நேரமாவது உட்காருங்கள். "என்னண்ணே, எந்திரிக்க மனசில்லையா" என்று கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இணையத்தில் என்றால் மூன்று கேள்விகள்: உங்கள் பின்கோடுக்கு வந்து திரும்ப எடுத்துக்கொள்வார்களா? பிரித்து மாட்டிய பிறகும் திருப்பித் தரலாமா? கேஸ் லிஃப்ட் போனால் உத்தரவாதத்தில் புதுசு அனுப்புவார்களா? பெரிய நகரங்களுக்குக் கிடைக்கும் எல்லா வசதியும் சின்ன ஊர்களுக்குக் கிடைப்பதில்லை. ஆர்டர் போடும் முன்பே பார்த்துவிடுங்கள். அட்டைப்பெட்டியை ஒரு வாரம் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

பழைய நாற்காலியும் நல்ல வழிதான். சென்னை, பெங்களூரில் ஆபீஸ்கள் காலி செய்யும்போது தரமான நாற்காலிகள் குறைந்த விலைக்கு வருகின்றன. வாங்கும் முன், உட்கார்ந்த நிலையில் உயரம் தானாக இறங்குகிறதா, கீழே உள்ள ஐந்து கால் அமைப்பில் விரிசல் இருக்கிறதா, வலை தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பார்சல் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இப்போதைக்குக் காசு இல்லை என்றால்?

இருக்கும் நாற்காலியிலேயே பாதிப் பிரச்சினையைச் சரிசெய்யலாம். குளிக்கும் துண்டு ஒன்றை இறுக்கமாகச் சுருட்டி, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்டு, இடுப்பு வளைவில் வைத்துக் கட்டுங்கள். தலையணை போல நழுவாது. பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை பின்பக்கமாகச் சரிந்திருக்கும். பள்ளத்தில் மடித்த போர்வையைப் போட்டுச் சமப்படுத்துங்கள். லேப்டாப்பைப் புத்தகங்களின் மேல் தூக்கி வைத்து, திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி செய்யுங்கள். தனி கீபோர்டும் மவுஸும் இதற்குக் கட்டாயம் வேண்டும். புது நாற்காலியைவிட முதலில் வாங்க வேண்டியது இந்த இரண்டும்தான்.

அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள். கேமரா தேவையில்லாத கால் வந்தால் முற்றத்தில் நடந்துகொண்டே பேசுங்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி வேண்டும், உட்கார்ந்தே இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. நாற்காலி மருந்து அல்ல. வலி காலுக்கு இறங்கினால், கால் மரத்துப்போனால், பலமிழந்தால் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அம்மாவிடம் என்ன சொல்வது?

பெட்டி ஒட்டிய காலத்தில் கைதான் சம்பாதித்தது. இப்போது உட்கார்ந்திருக்கும் முதுகுதான் சம்பாதிக்கிறது. இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் இன்னும் முப்பது வருஷம் அதில்தான் உட்கார வேண்டும். எட்டாயிரம் ரூபாய் நாற்காலி ஐந்து வருஷம் உழைத்தால் மாதத்துக்கு 135 ரூபாய் கூட ஆகாது. இதைச் சொன்னால் அம்மாவுக்குப் புரியும். கணக்குப் பார்க்கத் தெரியாமலா இத்தனை வருஷம் வீட்டை நடத்தியிருக்கிறார்?

அளந்து முடித்ததும் டேப்பைச் சுருட்டி வைத்துவிடாதீர்கள். வீட்டில் யாராவது தையல் மெஷின் முன்னால் சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்திருக்கலாம். யாராவது இன்னமும் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருக்கலாம். அவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அதே மூன்று அளவுகளை எடுங்கள். "எனக்கு எதுக்குடா இதெல்லாம்" என்பார்கள். கேட்காதீர்கள், அளங்கள்.